பாத்திரத்தில் வெட்டிய பெயர், பிரிண்டரில் விழுந்த பெயர்

புள்ளி புள்ளியாக நிற்கிற எழுத்து மறுபடியும் ஃபேஷனாகி இருக்கிறது. சினிமா விளம்பரம், பனியன், பாட்டுத் தொகுப்பின் அட்டை, கைபேசித் திரை என எங்கே பார்த்தாலும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் சாயலில் ஓர் ஆங்கில எழுத்து. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட 'நத்திங்' கம்பெனி 2022இல் தன் முதல் கைபேசியை இறக்கியபோது அதன் முகமே இந்தப் புள்ளியெழுத்துதான். இந்தியாவில் விற்ற அந்தக் கைபேசிகள் தமிழ்நாட்டுத் தொழிற்சாலையில் பூட்டப்பட்டவை. புள்ளிகள் என்னவோ ரோமன் புள்ளிகள்.

'ரெட்ரோ' என்று இதற்குப் பெயர் சொல்கிறார்கள். பழசைத் திரும்பக் கொண்டுவருகிறார்களாம். யாருடைய பழசை என்று கேட்க வேண்டியிருக்கிறது. எண்பதுகளில் வீட்டு மேசைமேல் கம்ப்யூட்டர் வைத்திருந்த அமெரிக்க, ஐரோப்பியத் தலைமுறைக்குப் புள்ளியெழுத்து என்பது பால்யம். திட்டக்குடி மாதிரி ஊர்க்காரர்களுக்கு அது கவுண்டர். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருப்பார், கர்ர் கர்ர் என்று சத்தம் வரும், ஓரத்தில் ஓட்டை போட்ட தாளில் உங்கள் பெயர் உங்களுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் வந்து விழும். சரியா தப்பா என்று பார்க்கக்கூட இன்னொருத்தரிடம் காட்ட வேண்டும். இந்த நினைவுக்கு ஏக்கம் எதுவும் கிடையாது.

ஆனால் நமக்குப் புள்ளியெழுத்தின் சரித்திரம் கவுண்டரில் தொடங்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் பேச்சு. பிரிண்டருக்கு வெகுகாலம் முன்பே தமிழைப் புள்ளிகளால் எழுதிக்கொண்டிருந்தவர்கள் இங்கே உண்டு. அவர்கள் எழுதியது காகிதத்தில் இல்லை, பித்தளையில்.

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான். செராமிக் தொழிற்பேட்டை, செராமிக் பயிலகம், பொம்மை, அகல்விளக்கு, பியூஸ் கட்டை என்று ஒரு பட்டியல் சொல்வார்கள். அங்கிருந்து தொழுதூர் போகிற வழியில் வெள்ளாற்றங்கரையில் இருக்கிற திட்டக்குடிக்கு அப்படி ஒரு தொழில் அடையாளம் இல்லை. சுற்றுப்பட்டு கிராமங்களுக்கு அது கடைத்தெரு. கல்யாணச் சாமான் வாங்கவும் அடகு வைக்கவும் மீட்கவும் வருகிற ஊர். இப்படிப்பட்ட எல்லாக் கடைத்தெருக்களிலும் போல இங்கேயும் பாத்திரக்கடை வாசலில் சுத்தியலும் சின்ன உளியுமாக ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். 'பேர் வெட்டணும்' என்று சொல்லிப் பாத்திரத்தை நீட்டினால் போதும்.

அவர் செய்கிற வேலையைக் கொஞ்சம் நின்று பார்த்தால் தெரியும். கோடு இழுப்பதே கிடையாது. உளி நுனி ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு குழி விடும். குழிகள் வரிசையாகச் சேர்ந்து கோடாகத் தெரியும். நேர்கோட்டில் புள்ளிகள் தள்ளித்தள்ளி விழும், வளைவில் நெருங்கும். 'ண' எழுதும்போது சுழிக்குக் கை திரும்பாது, பாத்திரம்தான் மடியில் திரும்பும். மெய்யெழுத்தின் மேல்புள்ளிக்கு மட்டும் ஓர் ஓங்கிய அடி. உடம்பே புள்ளிகளாக இருக்கிற எழுத்தில் எது 'புள்ளி' என்று காட்டியாக வேண்டுமே, அதற்கு அந்தக் கை கண்டுபிடித்த வழி அது. பிற்பாடு கரண்ட்டில் அதிர்கிற பேர் வெட்டும் மிஷின் வந்தது. குழிகள் சிறுத்து நெருங்கின. இப்போது பல கடைகளில் லேசர் வந்துவிட்டது. ஆனால் அண்டா, தவலை, குத்துவிளக்கு என்று வீட்டில் கிடக்கிற பழைய சாமான்களில் அந்தத் தட்டிய எழுத்து இன்னும் இருக்கிறது.

அந்த எழுத்தை ஆவணமாக யாரும் வாசித்ததில்லை. பட்டா, பத்திரம், ரேஷன் கார்டு இவையெல்லாம் குடும்பத் தலைவன் என்கிற ஆணின் பெயரைச் சுற்றி எழுதப்பட்ட பிரதிகள். மூதாதையர் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1989இல். அதுவரையிலும், சட்டம் வந்த பின்பு நடைமுறையிலும், கிராமத்துப் பெண்ணின் பெயர் உடைமை சார்ந்து எழுதப்பட்ட இடம் பெரும்பாலும் சீர்ப் பாத்திரம்தான். இனிஷியலைப் பாருங்கள். கல்யாணத்துக்குப் பின் கார்டுகளில் புருஷன் பெயரின் முதலெழுத்து ஏறிவிடும். தாய்வீட்டுத் தவலையில் அப்பன் பெயரின் முதலெழுத்து அப்படியே இருக்கும், ஏனென்றால் பித்தளையில் அடித்தல் திருத்தல் கிடையாது. அடகில் மூழ்கின பாத்திரத்தை எடைக்கு வாங்கினவர் பழைய பெயருக்குப் பக்கத்திலேயே தன் பெயரை வெட்டிக்கொள்வார். ஒரே குடத்தில் ரெண்டு பெயர் இருந்தால் நடுவில் ஒரு கடன் இருக்கிறது என்று அர்த்தம். பழைய 'லை', பழைய 'னை', அதாவது தும்பிக்கை தூக்கின வடிவம், இருந்தால் அந்தப் பெயருக்கு வயது அதிகம் என்று ஊகிக்கலாம். பெரியார் 1935இல் குடிஅரசில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த எழுத்தை அரசு ஏற்று ஆணையிட்டது 1978 அக்டோபரில்தான்.

இதை ரொம்பவும் உயர்த்திப் பிடிக்க வேண்டாம். பெயர் வெட்டுவது உரிமை கொண்டாடுவது மட்டும் அல்ல, பிரித்து வைப்பதும்கூட. விசேஷத்தில் பாத்திரம் கலந்துவிடக் கூடாது என்கிற கவலைக்குள் எந்தத் தெருப் பாத்திரத்தோடு கலக்கக் கூடாது என்கிற கவலையும் ஒளிந்திருக்கிறது. டீக்கடையில் ரெட்டைத் தம்ளர் வைத்த சமூகம் பாத்திரத்தில் அடையாளம் போட்டதை வெறும் கைவண்ணம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது.

புள்ளிக்கும் எழுதப்படும் பொருளுக்கும் உள்ள உறவு தமிழில் பழைய விவகாரம். மெய் புள்ளி பெறும் என்கிறது தொல்காப்பியத்தின் நூன்மரபு. எகர ஒகரக் குறிலுக்கும் அப்படியே. இலக்கணம் அப்படிச் சொன்னாலும் ஓலை ஒத்துழைக்கவில்லை. எழுத்தாணி நுனியை ஒரே இடத்தில் அழுத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். கல்லில் பொத்தல் விழப்போவதில்லை, ஆனாலும் சோழர்காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவற்றில் புள்ளி இருக்காது. மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்பதை வாசிக்கிறவர்தான் கூட்டி வாசிக்க வேண்டும். வாசிப்பு ஒரு சிறு கூட்டத்தின் சொத்தாக இருந்த காலத்துக்கு அது தோதாகவே இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகார ஓகாரத்துக்கு வேறு கொம்பு வைத்ததும், அச்சு வந்தபின் மெய்யின் புள்ளி நிலைத்ததும் புதிதாய் வாசிக்க வந்தவர்களுக்கு எழுத்து இறங்கிவந்த சரித்திரத்தின் பகுதி. யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா முன்னோடியாக உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் புள்ளிக்கென்றே ஒரு கட்டை உண்டு. அதை அடித்தால் காகிதம் நகராது. புள்ளி விழும், அடுத்து அடிக்கிற எழுத்து அதன் கீழே வந்து உட்காரும்.

ஆக எந்தப் புள்ளி விழும், எது விழாது என்பதை இலக்கணம் மட்டும் முடிவு செய்ததில்லை. ஓலை, ஈயம், இரும்பு எல்லாம் அதில் கைவைத்திருக்கின்றன. இந்த வரிசையில்தான் ஊசி வந்தது.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் தலை என்பது செங்குத்தாக அடுக்கிய சில கம்பி ஊசிகள். மின்காந்தம் தட்ட, ஊசி முன்னே வந்து மைநாடாவை அடிக்க, தாளில் ஒரு புள்ளி. தலை இடமிருந்து வலம் ஓடும்போது எந்த ஊசி எப்போது தட்ட வேண்டும் என்பதுதான் எழுத்து. ஜப்பானின் ஓக்கி கம்பெனி 1968இலும் அமெரிக்காவின் சென்ட்ரானிக்ஸ் 1970இலும் கொண்டுவந்த வகை இது. 1980இல் எப்சன் எம்.எக்ஸ்.80 என்ற ஒன்பது ஊசி பிரிண்டர் வந்தபின்தான் சின்ன ஆபீஸ்களுக்கும் எட்டியது. எழுத்துகளின் புள்ளிக் கணக்கு இயந்திரத்துக்குள்ளேயே ஒரு சில்லில் எரித்து வைக்கப்பட்டிருக்கும். அப்படி எரித்து வைத்தது ஆங்கில எழுத்துகளை. அகலத்தில் அஞ்சு, உயரத்தில் ஏழு புள்ளி இருந்தால் ரோமன் பெரிய எழுத்து நின்றுவிடும். 'ண'வுக்கு அது எந்த மூலைக்கு? மேலே சுழிக்கும் புள்ளிக்கும் இடம் வேண்டும், கீழே உகர ஊகாரக் காலுக்கு இடம் வேண்டும், நடுவில் உடம்புக்கே எட்டு வரி தேவை.

இங்கிருந்து பிறந்த வாசகம்தான் 'கம்ப்யூட்டர்ல தமிழ் வராதுங்க'. தொண்ணூறுகளில் இதைக் கேட்காதவர் கிடையாது. வாசகம் பொய். எண்பதுகளின் தொடக்கத்திலேயே இந்த பிரிண்டர்களில் சித்திர முறை என்று ஒன்று உண்டு. சில்லில் உள்ள எழுத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு ஊசியையும் நாமே ஆட்டுவிக்கலாம். தமிழ் வரியை மேல்பாதி ஒரு ஓட்டம், கீழ்ப்பாதி ஒரு ஓட்டம் என்று ரெண்டு தடவையில் அடித்துவிடலாம். கனடாவில் சீனிவாசனின் ஆதமி, மலேசியாவில் 1985இல் முத்து நெடுமாறனின் முரசு என்று புலம்பெயர்ந்தவர்கள் சொந்த முயற்சியில் எண்பதுகளிலேயே தமிழை வரவழைத்துவிட்டார்கள். ஐ.ஐ.டி. கான்பூரில் தொடங்கிப் பூனாவின் சி-டாக்கில் வளர்ந்த ஜிஸ்ட் அட்டை இந்திய எழுத்துகளுக்கென்றே செய்யப்பட்டது. தமிழில் அடித்தால் நேரம் கூடும், அவ்வளவுதான். அந்தக் கூடுதல் நேரத்தைத் தருவதா வேண்டாமா என்பது இயந்திரத்தின் பிரச்சினை இல்லை, நிர்வாகத்தின் தேர்வு. அந்தத் தேர்வைச் செய்தவர்கள் ஊசியைக் காட்டித் தப்பித்துக்கொண்டார்கள்.

ஜப்பானில் வேறு மாதிரி நடந்தது. கான்ஜி என்கிற பட எழுத்து ஒன்பது ஊசிக்குள் அடங்காது என்றதும் எழுத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, ஊசியைக் கூட்டினார்கள். 24க்கு 24 புள்ளி என்பது அங்கே தரமாயிற்று. 1984இல் எப்சனின் 24 ஊசி பிரிண்டர் வந்தது. நமக்குப் பிற்பாடு ஒரே ஓட்டத்தில் லட்சணமாகத் தமிழ் விழுந்தது அந்த ஊசிகளில்தான். கான்ஜிக்காகப் போட்ட சாலையில் தமிழும் போயிற்று என்று சொல்லலாம். இதே காலத்தில் இங்கே அறிஞர்கள் மட்டத்தில் ஓடின விவாதம் எழுத்தைக் குறைப்பது பற்றியது. வா.செ. குழந்தைசாமி உகர ஊகார வரிசைகளுக்குத் தனிக்குறி வேண்டும் என்று வாதாடினார். அவருடைய முதன்மையான காரணம் பிள்ளைகள் படிக்க எளிதாகும் என்பது. அதில் நியாயம் உண்டு. ஆனால் கூடவே ஒட்டிக்கொண்டு வந்த 'கருவிக்கு எளிது' என்கிற காரணம் சில வருஷங்களிலேயே செல்லாக்காசு ஆகிவிட்டது. கருவி மாறும் வேகத்தில் எழுத்தை மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

வங்கிக்கு வருவோம். இயந்திரமயத்துக்கு எதிராக வங்கி ஊழியர்கள் நடத்திய போராட்டங்கள் தோழர்களுக்குத் தெரியும். 1983இல் சங்கங்களுக்கும் இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் ஒப்பந்தம், 1984இல் ரங்கராஜன் கமிட்டி அறிக்கை, அப்புறம் கிளை கிளையாகக் கம்ப்யூட்டர். வாதங்கள் பெரும்பாலும் வேலைவாய்ப்பைச் சுற்றி நின்றன, நிற்க வேண்டியதுதான். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவரின் பெயர் எந்த எழுத்தில் விழப்போகிறது என்பது பேரத்தின் மையத்துக்கு வரவில்லை. கையால் எழுதிய பாஸ்புக்கில் தமிழில் கையெழுத்துப் போட்ட குமாஸ்தாவாவது இருந்திருப்பார். மாநில அலுவலகங்களுக்கு 1956இன் ஆட்சிமொழிச் சட்டம் இருந்தது, தட்டச்சில் தமிழ் ஓடிக்கொண்டிருந்தது. அங்கேயும் பல இடங்களில் கம்ப்யூட்டர் வந்ததும் படிவம் ஆங்கிலத்துக்குத் திரும்பிப் போயிற்று. முன்னேற்றம் என்று பெயர் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தது இந்த ஒரு விஷயத்தில் அப்பட்டமாகத் தெரியும்.

விளைவு சின்னதாகத் தோன்றும். வள்ளி ரோமனுக்குப் போய், பிற்பாடு தானாகத் திருப்புகிற மென்பொருள் வழியாகத் தமிழுக்கு வரும்போது வல்லி ஆகிறாள். பழனி பலனி ஆகிறான். ல, ள, ழ மூன்றும் ஒரே கதவு வழியாக வெளியே போனால் எப்படி மூன்றாகத் திரும்பி வரும்? முதியோர் பென்ஷனோ வாரிசுச் சான்றோ கேட்டுப் போகிறவரிடம் 'ரெண்டு பேரும் ஒண்ணுதான்னு எழுதி வாங்கிட்டு வா' என்பார்கள். ஊர்ப்பெயருக்கும் இதே கதி. 2020 ஜூனில் அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை போட்டு, எழுந்த கேலியில் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. முதுகுன்றம் விருத்தாசலம் ஆனது போல ஒரு மாற்றத்துக்குப் பின்னால் மதமும் அதிகாரமும் நூற்றாண்டுகளும் தேவைப்பட்டன. வள்ளி வல்லியாக ஒரு நொடி போதும்.

தமிழிலேயே அடித்தாலும் ஒரு சங்கடம் உண்டு. தலையில் ஓர் ஊசி செத்துப்போனால் அந்த வரியில் புள்ளி விழாது. தாள் நெடுக வெள்ளைக் கோடு. நடு ஊசி செத்தால் எழுத்து ஊனமாகும், வாசித்துவிடலாம். மேல் ஊசி செத்தால் எழுத்துகள் முழுசாகவே நிற்கும், மெய்யின் புள்ளிதான் காணாமல் போகும். மகன் 'மகன' ஆவார். ஓலைச்சுவடிக் காலத்துக்குத் திரும்பிவிட்டோம். பண்டிதர் கூட்டி வாசித்துக்கொண்ட இடத்தில் இப்போது எழுத்தர் 'பேர் ஒத்துப்போகலை' என்கிறார்.

இந்த இடத்தில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியைச் சொல்லாமல் போகக் கூடாது. புள்ளியியல் பேராசிரியர், 1988இல் மறைந்தவர். ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோரோடு 1974இல் கோலங்களுக்கு ஒரு கணித இலக்கணம் எழுதினார். 1978இல் சக ஆய்வாளர்களோடு, அச்சிட்ட தமிழெழுத்தைப் பூஜ்யமும் ஒன்றுமான கட்டங்களாக்கிக் கம்ப்யூட்டரை அடையாளம் காண வைத்தார். அதாவது வாசல் புள்ளியையும் எழுத்தின் புள்ளியையும் ஒரே ஆள் ஒரே தசாப்தத்தில் யோசித்திருக்கிறார். தமிழெழுத்து கட்டத்துக்குள் வராது என்று கவுண்டர்கள் சொல்லத் தொடங்கும் முன்பே வந்து உட்கார்ந்தாயிற்று.

ஆனால் கோலப் புள்ளியும் பிரிண்டர் புள்ளியும் ஒன்றல்ல. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றிப் போகும், தொடாது. பிரிண்டரில் புள்ளிதான் எழுத்தின் உடம்பு; சதுரக் கட்டத்தில் எங்கே இருக்கலாம் என்பது முன்பே தீர்மானமாகிவிட்டது. பாத்திரத்துப் புள்ளியோ கை போன வழியின் தடம், அதற்குக் கட்டமே கிடையாது.

இன்றைக்குக் கடைத்தெருவில் புள்ளியெழுத்து வாழ்கிற இடம் எல்.இ.டி. பலகை. அதற்கு முந்தைய பிறவி திருவிழாவிலும் கட்சி மாநாட்டிலும் பல்புகளைக் கோர்த்த சீரியல் செட். பலகையில் எழுத்தை வரைந்து பல்பு செருகிய அந்தப் பெயிண்டர்–எலக்ட்ரீஷியன் கூட்டணியும் பாத்திரக்காரர் வழியில் வந்ததுதான். எழுத்துக்கேற்ப பல்பு, பல்புக்கேற்ப எழுத்து இல்லை. எல்.இ.டி. மறுபடி கட்டத்துக்குக் கொண்டுபோயிற்று. கடைகள் வாங்குகிற பி10 என்கிற தகடு அகலத்தில் 32, உயரத்தில் 16, மொத்தம் 512 விளக்குகள். பதினாறு வரிக்குள் தமிழ் நிற்கும், கொஞ்சம் குனிந்து. நாலு தகடு சேர்த்த பலகையில் ஆங்கிலம் சுமார் இருபது எழுத்து காட்டும், தமிழ் ஒன்பதோ பத்தோ. அதனால் தமிழ் ஓடிக்கொண்டே இருக்கிறது, நின்று வாசிக்க முடிவதில்லை. சிலசமயம் ஒற்றைக்கொம்பு தன் எழுத்தை விட்டுத் தனியே நிற்கும், பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வெற்று வட்டம். யூனிகோடில் எழுத்தைக் கோர்க்கத் தெரியாத மென்பொருள், 'இங்கே ஏதோ மெய் வர வேண்டும்' என்று போடுகிற குறி அது. 2010 ஜூனில் அரசு யூனிகோடையும் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்-16ஐயும் ஏற்று ஆணையிட்டதன் பின்னால் இந்த உடைந்த எழுத்துகளின் எரிச்சலும் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பலகைகளிலேயே அந்த வெற்று வட்டத்தைப் பார்த்தவர்கள் உண்டு. தட்டிக் கேட்டவர்கள் குறைவு.

ஆக, இப்போது தமிழில் ஒரு புள்ளி எழுத்துரு செய்ய வருகிற இளைஞர்களிடம் ஒன்று சொல்லலாம். அஞ்சுக்கு ஏழு கட்டத்தை எடுத்துக்கொண்டு தமிழை அதற்குள் திணித்தால் கிடைப்பது கவுண்டரின் எழுத்து, நம்மை வெளியே நிறுத்தின எழுத்துக்குத் தமிழ் வேஷம். கோட்டின் போக்கில் புள்ளியை விடுங்கள், சுழியில் நெருக்குங்கள், மெய்யின் புள்ளியை ஓங்கி அடியுங்கள். மாதிரிக்கு அமெரிக்கா போக வேண்டாம். போஸ்டரிலும் புத்தக அட்டையிலும் துண்டறிக்கைத் தலைப்பிலும் அது நிற்கும். சின்ன எழுத்தில் உடம்புப் பகுதிக்கு வைக்காதீர்கள், கண் வலிக்கும்.

மாதிரிகள்தான் வேகமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. பழசுக்குப் புதுசு மாற்றும் கடைகளில் பெயர் பார்த்து எடை போடுவதில்லை. எல்லாம் உருக்கப் போகிறது. கல்வெட்டுத் துறையினர் மைப்படி எடுப்பது போல இதற்கும் எடுக்கலாம், அவ்வளவு செலவுகூட இல்லை. புளி போட்டுத் தேய்த்துக் காயவைத்த பாத்திரத்தின் மேல் மெல்லிய தாளை இறுக்கிப் பிடித்து, மென்மையான பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் குழிகள் வெள்ளையாக எழும்பும். குடத்தின் கழுத்து மாதிரி வளைவான இடத்தில் தாள் சுருங்கும். அங்கே சின்னச் சின்னத் துண்டாக எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். யார் வீட்டுப் பாத்திரம், எந்த விசேஷத்துக்கு வந்தது, வெட்டியவர் பெயர் தெரியுமா என்பதையும் தாளின் பின்புறம் எழுதிவையுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்.